கடைவரிசையை இடிக்கப் போகிறார்களாம்: வாடகைக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி:

தென் பேராக்கில் பழைய நெடுஞ்சாலை ஓரம் உள்ள தோட்டப் பட்டணம் எங்களுடையது. ஊர்ப் பெயர் போட வேண்டாம். மாமியார் தொடங்கிய புடவை, தையல் கடையை இருபது வருடமாக நான் நடத்துகிறேன். மாத வாடகை 900 வெள்ளி (ரிங்கிட்). எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கட்டட உரிமையாளரின் பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அறுபதுகளில் கட்டிய எங்கள் இரண்டு வரிசையில் ஏறக்குறைய பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. சில மாடிகளில், உணவுக்கு விற்கும் கூடுகளுக்காகக் குருவி வளர்க்கிறார்கள். போன மாதம் மாவட்ட மன்றம் ஒரு கூட்டம் போட்டது. பழைய பசார், ஒட்டுக்கடைகள், எங்கள் வரிசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கார் நிறுத்தத்தோடு நான்கு மாடி வணிக வளாகம் வரும் என்றார்கள். பழைய வாடகைக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றும் சொன்னார்கள். "ஊர் முன்னேற வேண்டாமா அண்ணி, எதிர்த்துப் பேசாதீங்க" என்கிறார் என் கொழுந்தனார். எங்களை வெளியேற்ற முடியுமா? வளாகம் வந்தால் ஊருக்கு நல்லதா? நாங்கள் யாரிடம் போய் என்ன பேசுவது?

— வாசகி, பேராக்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளில் முதலாவதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். பதில் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தில் ஒன்றும் இல்லாமல் மாதா மாதம் வாடகை கொடுத்து இருப்பவரை, உரிமையாளர் முறையாக அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம். இருபது வருடம் இருந்ததும், மாமியார் காலத்துக் கடை என்பதும், ஒரு மாத வாடகைகூடப் பாக்கி வைக்காததும் சட்டத்தின் முன் உரிமையாக மாறுவதில்லை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களில் இருந்தவர்களுக்கு ஒரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1966 துணையாக இருந்தது. 1997-ல் அதை நீக்கும் சட்டம் வந்தது. இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி முதல் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போனது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் அதன் விளைவு கண்கூடு. வாடகை ஏறியது, தலைமுறையாக இருந்த சிறு வியாபாரிகளும் கைவினைஞர்களும் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்தபோது கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை. ஆகவே "பழைய கட்டடம், இடிக்க முடியாது" என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கட்டடம் நின்றாலும் நீங்கள் நிற்பீர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

உங்களைக் காக்கக்கூடியது காகிதம். கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகளிடம் பேசி, மூன்று வருடத்துக்கு எழுத்தில் வாடகை ஒப்பந்தம் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகையை நிலப் பதிவேட்டில் குத்தகையாகப் பதிய வேண்டியதில்லை. ஆனால் தேசிய நிலச் சட்டத்தின் 316-வது பிரிவின்படி, அந்த ஒப்பந்தத்தைக் காட்டி நில அலுவலகத்தில் கிராண்டின் (நில உரிமைப் பத்திரத்தின்) மேல் ஒரு குறிப்புப் போடச் சொல்லலாம். அந்தக் குறிப்பு விழுந்த பிறகு கடையை வாங்குகிறவர் யாராக இருந்தாலும், உங்கள் வாடகைக் காலத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனாலும் நம் கடைக்காரர்களில் இதைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 30 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் வாரியத்தில் முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. இடிப்பதாக இருந்தால் ஆறு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்கப் பாருங்கள். உரிமையாளர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பாதி பூட்டிக் கிடக்கும் வரிசையில், தவறாமல் வாடகை தரும் ஒரு கடை அவர்களுக்கும் சொத்துதான். அதைச் சொல்லிப் பேசுங்கள்.

அரசாங்கமே நிலத்தை எடுத்தால் என்ன ஆகும்? நில எடுப்புச் சட்டம் 1960-ன் 3-வது பிரிவில் 1991-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பொருளாதார வளர்ச்சிக்குப் பயன்படும் என்று மாநில அரசு கருதினால் தனியார் நிறுவனத்துக்காகக்கூட நிலத்தை எடுக்க முடிகிறது. அப்போது இழப்பீடு உண்டு. வியாபாரத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதால் வரும் நியாயமான செலவும் அந்தக் கணக்கில் வரும். ஆனால் யார் இழப்பீடு கேட்கலாம் என்று சொல்லும் வரையறையிலிருந்து, உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் இருக்கும் வாடகைக்காரரை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லாத உங்களை அந்த வகையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கையில் ஒப்பந்தம் இருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை. விசாரணைக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். இழப்பீட்டுத் தொகையில் உடன்பாடு இல்லை என்றால் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி 'என்' (N) படிவம் கொடுக்க வேண்டும். விசாரணையில் நீங்கள் இருந்தால், தொகையை முடிவு செய்த நாளிலிருந்து ஆறு வாரம்தான் அவகாசம். அந்தக் கட்டத்தில் ஒரு வழக்கறிஞர் இல்லாமல் நகர வேண்டாம்.

இனி வளாகத்தைப் பற்றி.

கட்டடம் பழசானதால் ஆள் வரவில்லை என்று மன்றம் நினைக்கிறது. ஆள் குறைந்ததால் கட்டடத்தைப் பார்க்க யாரும் இல்லாமல் போனது என்பது என் கணிப்பு. தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் என்று பழைய முதலாம் எண் சாலையில் வரிசையாக இருக்கும் ஊர்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதும், வழியில் நின்று சாப்பிட்டு, சாமான் வாங்கிப் போன கூட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது. அதே காலத்தில் தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன அத்தனை கைகள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. லயத்துக் குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும், கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் தொழிற்பேட்டைகளுக்கும் போய்விட்டன. இப்போது தோட்டத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள், அனுப்பத்தானே வந்தார்கள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமியார் கடையில் நின்ற கூட்டம் எங்கே போனது என்பதற்கு இவைதான் காரணம். நான்கு மாடி கட்டினாலும் இவற்றில் ஒன்றும் மாறாது.

பூட்டிக் கிடக்கும் கடைகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாததால் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. ஒன்று, கிராண்ட் இன்னும் தாத்தா பெயரில் இருப்பது. வாரிசுகள் ஏழெட்டுப் பேர், ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. சொத்தைப் பிரிக்காததால் விற்கவும் முடியாது, கடன் வாங்கிப் பழுதுபார்க்கவும் முடியாது. இன்னொன்று குத்தகைக் காலம். அறுபதுகளில் 60 ஆண்டுக்குக் கொடுத்த நிலமாக இருந்தால் காலம் இப்போதுதான் முடிந்திருக்கும் அல்லது முடிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட நிலத்தை வங்கி தொடாது. புதுப்பிக்க மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். தவறினால் நிலம் அரசுக்குத் திரும்பிவிடும். இந்த நிலையில் எந்த உரிமையாளர் கூரையை மாற்றுவார்? மூன்றாவது, நீங்களே சொன்ன குருவிக்கூடு. வாடகைக்காரரோடு மல்லுக்கட்டாமல் வருமானம் வருகிறது என்றால் மாடியை ஆளுக்கு விட யாருக்கும் மனம் வராது. உங்கள் வரிசையில் எந்தக் கடை எந்தக் காரணத்தால் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டால், மன்றத்தின் திட்ட அறிக்கையில் இல்லாத ஒரு உண்மை உங்கள் கையில் இருக்கும்.

அடுத்தது வாடகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது வளாகத்தில் ஒரு கடையை ஒருவர் 450,000 வெள்ளி கடனில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 4.5 விழுக்காடு, 25 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 2,500 வெள்ளி. அடுக்குமாடி வளாகம் என்பதால் பராமரிப்புக் கட்டணமும், அதில் 10 விழுக்காடு பெரும்பழுதுக்கான சேமநிதியும் வேறு. அவர் கடையை 900 வெள்ளிக்கு விடுவாரா? 2,500க்கே விட்டாலும் உங்களுக்கு மாதம் 1,600 வெள்ளி கூடுதல். ஒரு ரவிக்கையில் செலவு போக 40 வெள்ளி நிற்கிறது என்றால், அந்த வித்தியாசத்துக்காக மட்டும் மாதம் 40 ரவிக்கை அதிகம் தைக்க வேண்டும். அதுவும் தீபாவளிக்கு முந்திய மாதத்தில் மட்டும் இல்லை, தை மாதத்திலும் ஆடி மாதத்திலும். தையல் கடை, பூச்சரம், பூசைச் சாமான், மசாலை அரைக்கும் மில், முடிதிருத்தகம் போன்ற சின்ன லாபத் தொழில்கள் உங்கள் ஊரில் இன்னும் ஓடுகின்றன என்றால், கட்டிய கடன் எப்போதோ அடைந்துபோன கட்டடத்தில் அவை இருப்பதால்தான். "முன்னுரிமை" என்ற சொல்லில் இந்தக் கணக்கு இல்லை. எத்தனை சதுர அடி, எந்த மாடி, முதல் ஐந்து வருடத்துக்கு என்ன வாடகை, கட்டுமானம் நடக்கும் காலத்தில் எங்கே வியாபாரம் செய்வது என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எந்த மாடி என்பது சின்னக் கேள்வி இல்லை. கீழ்த்தளமே நிறையாத ஊரில் மேல்மாடிக் கடைக்கு ஏறிப் போகிறவர்கள் குறைவு. இப்படிப்பட்ட வளாகங்களில் முதலில் விளக்கு அணைவது அங்கேதான்.

மன்றம் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அறுபதுகளில் இழுத்த மின்கம்பி, பலகைத் தளம், பிரிவுச் சுவருக்கு மேலே திறந்து கிடக்கும் கூரை. தீப்பிடித்தால் ஒரு கடையோடு நிற்காது. பசாரின் கால்வாயும் கழிவறையும் உண்மையிலேயே மோசமாக இருக்கும். தவறு, தீர்வை ஒரே பெரிய கட்டடமாக நினைப்பதில். அரசாங்கமே நிலத்தை எடுக்காவிட்டால், இரண்டு வரிசையிலும் தனித்தனிக் கிராண்ட் என்பதால் ஒவ்வொரு உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் வேலை நிற்கும். 2025-ல் மக்களவையில் தாக்கலான நகர்ப்புறப் புதுப்பித்தல் மசோதா இந்தச் சிக்கலுக்காகத்தான் 80, 75, 51 விழுக்காடு என்று கட்டடத்தின் வயதையும் நிலையையும் பொறுத்துச் சம்மத அளவுகளை முன்வைத்தது. அந்த எண்களை யாராவது உங்கள் முன் நீட்டினால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். கவனியுங்கள், அந்த விழுக்காடு உரிமையாளர்களுடையது. வாடகைக்காரர் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் அதில் எண்ணப்படுவதில்லை.

அப்படியானால் நீங்கள் எங்கே எண்ணப்படுகிறீர்கள்? உள்ளூர்த் திட்டத்தில். நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976, நாம் மலாயில் அக்தா (சட்டம்) 172 என்று சொல்வது, மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்த் திட்டம் வேண்டும் என்கிறது. எந்த இடம் குடியிருப்பு, எது வணிகம், எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகிறது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும்; அதற்குக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். அப்போது ஆட்சேபம் சொல்ல கிராண்ட் தேவையில்லை. வாடகைக்காரர், ஒட்டுக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், யாரும் எழுதலாம், விசாரணைக்கு வந்து பேசவும் கேட்கலாம்.

இதே சட்டத்தின் 21-வது பிரிவில் இன்னொரு வாசல் இருக்கிறது; பலரும் அதை நம்பிக் காத்திருந்து ஏமாறுகிறார்கள். கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வரும்போது பக்கத்து நிலக்காரர்களுக்குக் கடிதம் அனுப்பி 21 நாளில் ஆட்சேபம் கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோதுதான் அந்தப் பிரிவு அப்படிக் கட்டாயப்படுத்துகிறது. அதுவும் நில உரிமையாளர்களுக்கு. உங்களுக்குக் கடிதம் வராது. வந்தால் கோலாலம்பூர் வீட்டுக்கு வரும். உள்ளூர்த் திட்டத்தில் உங்கள் வரிசை உயரமான வணிகக் கட்டடத்துக்கு என்று ஏற்கெனவே நிறம் தீட்டப்பட்டிருந்தால், பிறகு பலகை நட்டு வேலி போடும்போது கூடிக் கோஷம் போட்டுப் பெரிய பயன் இராது. இப்போது கூட்டம் மட்டும் நடந்திருக்கிறது என்பதால், உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எழுதும்போது நூறு கையெழுத்துப் போட்ட ஒரே மனுவைவிட, தனித்தனியாக எழுதிய இருபது கடிதங்களுக்கு எடை அதிகம் என்பது நான் கண்டது. மனுவை ஓர் ஆட்சேபமாக எண்ணிவிடுவார்கள். மலாய் மொழியில், ஒரு பக்கம் போதும். லாட் எண், நீங்கள் யார், எத்தனை ஆண்டாக என்ன தொழில், வரைவில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும். "எங்கள் பாரம்பரியம் அழிகிறது" என்று மட்டும் எழுதினால் அனுதாபத்தோடு கோப்பில் வைத்துவிடுவார்கள். "இந்த லாட்டுகளில் உயரம் இரண்டு மாடியைத் தாண்டக்கூடாது, ஐந்தடி நடைபாதை தொடர்ந்து இருக்க வேண்டும், பசாரைப் புதுப்பிக்கும் காலத்தில் இதே சாலையில் தற்காலிக இடம் தர வேண்டும்" என்று எழுதினால் விசாரணைக் குழு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்போடு மாற்றுத் திட்டமும் போக வேண்டும். என்னிடம் கேட்டால், பசாரையும் கால்வாயையும் கழிவறையையும் மன்றம் முதலில் எடுத்துச் செய்யட்டும். அந்த நிலம் அவர்கள் பொறுப்பில் இருந்தால் யார் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பின்சந்து வழியைத் துப்புரவாக்கி விளக்குப் போட்டால் லோரிகள் அங்கே சாமான் இறக்கலாம். மாடிகளை மீண்டும் குடியிருப்புக்குத் திறக்க வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த பிடிவாதம் உண்டு. வெளியூரிலிருந்து வரும் இளம் ஆசிரியர்களும் கிளினிக் தாதியரும் அறை தேடுகிறார்கள். கடைக்கு மேலே பத்துக் குடும்பம் இருந்தால் மாலை ஏழு மணிக்கு மேல் வீதிக்கு உயிர் வரும். அதற்குத் தீயணைப்பு இலாகாவின் விதிகளுக்கு ஏற்பப் படிக்கட்டும் மின்கம்பியும் மாற வேண்டும், செலவு ஆகும், ஆனால் கடை கடையாகச் செய்யக்கூடிய வேலை. சாலையைக் கடக்கப் பாதசாரிக் கோடு கேட்டால், அது கூட்டரசுச் சாலை என்பதால் பொதுப்பணி இலாகாவின் அனுமதி வேண்டும். மன்றத்தைத் திட்டிப் பயனில்லை, இரு இடத்துக்கும் நகல் அனுப்புங்கள்.

கார் நிறுத்தம் பற்றி ஒரு வார்த்தை. வளாகத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணம் அதுதான். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கும், ஒரு வேலைநாள் மாலை மூன்று மணிக்கும், முன்னால் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் யாருடையது என்று எழுதிப் பாருங்கள். நான் பார்த்த சிறு நகரங்களில் நல்ல பங்கு கடைக்காரர்களின் சொந்த வண்டி, காலையில் வந்து இரவில் போவது. அதைப் பின்சந்துக்கு மாற்றிக் காட்டினால், கார் நிறுத்த மாடி எவ்வளவு தேவை என்ற பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நம் நாட்டுக்குத் திட்டமிட்ட சிறு நகரம் புதிதில்லை. 1921-ல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் முதல் அரசாங்க நகர்த் திட்டமிடுநராக வந்த சார்லஸ் ரீட், வெள்ளத்தால் இடம் மாறிய கோலகுபு பாருவை வகுத்தபோது, வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையே பச்சை வெளி விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய் நடந்து பாருங்கள். முடிந்தால் கொழுந்தனாரையும் அழைத்துப் போங்கள். அவர் சொல்வது தப்பான ஆசை இல்லை. அவரும் நீங்களும் கேட்பது ஒன்றுதான். எந்த வழி என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது. கணக்கு வழக்குத் தெரிந்தவர் என்றால், கடைப் பட்டியலையும் வண்டிக் கணக்கையும் அவரிடமே ஒப்படையுங்கள்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். ஊராட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த ஊராட்சிச் சட்டம் 1976 அதை முடித்துவைத்தது. மன்ற உறுப்பினர்கள் நியமனத்தில் வருகிறார்கள், உங்கள் ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர்தான். மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குக் கடிதம் கொடுக்கும்போது அவர் அலுவலகத்திலும் ஒரு நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக, நகர், கிராமத் திட்டமிடல் இலாகாவான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளத்தில் உங்கள் லாட் எண்ணைத் தேடி, அந்த நிலத்துக்கு இப்போது என்ன பயன்பாடு குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் யாராவது கைப்பேசியில் எடுத்துத் தருவார்கள். பிறகு நில அலுவலகத்தில் ஒரு தேடல் மனுப் போட்டு, கடை யார் பெயரில், நிரந்தர நிலமா குத்தகையா, குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தாளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், ஆட்சேபக் கடிதத்தில் எந்த வரியைக் கேட்பது என்று அடுத்த முறை உங்களுக்குச் சரியாகச் சொல்ல முடியும்.